ரெண்டு பேர் சேர்ந்து எழுதும்போது வர்ற ஸ்டைல் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசர்ச் பேப்பர், யூசர் மேனுவல், ஏபிஐ டாக்குமெண்ட், டெக்ஸ்ட் புக்னு எதை எடுத்தாலும் கோ-ஆத்தரோட சேர்ந்து எழுதறவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேக்குறாங்க. பிஎச்டி பண்றவங்க கேக்குறாங்க, ஐடி கம்பெனில டாக்ஸ் எழுதறவங்க கேக்குறாங்க, காலேஜ் வாத்தியாருங்களும் கேக்குறாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன், கேள்விகள் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

ஸ்டைல்னா கமா, ஸ்பெல்லிங் தானே? இதுக்கெல்லாமா சண்டை போடுவாங்க?

போடுவாங்க, நல்லாவே போடுவாங்க. ஆராய்ச்சி ரிசல்ட்ல முழுசா ஒத்துப்போன ரெண்டு பேர் ஹெட்டிங்ல எந்தெந்த எழுத்து பெரிய எழுத்தா வரணும்ங்கறதுல முகம் கொடுத்துப் பேசாம போயிருக்காங்க. நாம எழுதற விதம் எங்க படிச்சோம், யார்கிட்ட கத்துக்கிட்டோம்ங்கறதோட ஒட்டிக்கிட்டு வருது, அதுல ஒருத்தர் கை வச்சா நம்ம படிப்பையே குறை சொன்ன மாதிரி வலிக்குது.

ஆனா ஸ்டைல்ங்கற ஒரே பேர்ல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. ஒண்ணு, எப்படி எழுதினாலும் படிக்கறவருக்கு அர்த்தம் மாறாதது, அதாவது ஸ்பெல்லிங், ஹெட்டிங், கமா இந்த மாதிரி. இன்னொண்ணு, மாத்தினா படிக்கறவர் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு வேற வேலை செஞ்சிடுவாரு, அதாவது யூனிட், நோட்டேஷன் (கணிதக் குறியீடு), "செய்யலாம்"னு இருந்ததை "செய்யணும்"னு மாத்தறது. முதல் வகைல சீக்கிரமா விட்டுக்கொடுத்துடுங்க, ரெண்டாவது வகைல அர்த்தம் சரியாகற வரைக்கும் விடாதீங்க. கீழ வர்ற பதில்கள்ல இதை ருசி வகை, அர்த்த வகைன்னு சொல்றேன்.

எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசணுமா? பேசினா என்னத்த பேசறது?

ஒரு அரை மணி நேரம் உக்காந்து பேசிடுங்க. முதல்ல பேச வேண்டியது யாரு படிக்கப் போறாங்கன்னுதான். உங்க மனசுல முதல் வருஷ ஸ்டூடண்ட், அவர் மனசுல பத்து வருஷம் அனுபவம் உள்ள இன்ஜினியர்னு இருந்தா ஒவ்வொரு பாராலயும் முட்டிக்கும், வெளில பார்த்தா அது வாக்கியச் சண்டை மாதிரி தெரியும், உள்ள போய்ப் பார்த்தா வாசகர் யாருங்கறதுல ஒத்துப்போகாததுதான் இருக்கும்.

அப்புறம் சின்ன முடிவுகள். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா அமெரிக்கனா? நம்ம ஸ்கூல்ல பிரிட்டிஷ் படிச்சுட்டு கம்பெனில அமெரிக்கன் எழுதறதால ரெண்டும் ஒரே பக்கத்துல கலந்து வந்துடும். ஆர்கனைஸ் மாதிரி சொல்லுல இசட் போட்டாலே அமெரிக்கன்னு அடிச்சுத் திருத்தறவங்க உண்டு, ஆனா ஆக்ஸ்ஃபோர்டு ஸ்பெல்லிங்லயும் இசட்தான், ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டுகளும் அப்படித்தான் எழுதுது.

நம்பர் விஷயம் பார்க்க ருசி வகை மாதிரி இருக்கும், உண்மைல அர்த்த வகை. லட்சத்தை 1,00,000னு போடறதா 100,000னு போடறதான்னு நாம பேசிக்கிட்டு இருப்போம், ஜெர்மனில இருக்கறவர் 1,250ஐப் பார்த்தா ஒண்ணேகால்னு படிச்சிடுவாரு, ஏன்னா அங்க டெசிமலுக்குத்தான் கமா. எடை அளவுகளுக்கான உலகப் பொது மாநாடு 2003-ல சொன்னது என்னன்னா டெசிமலுக்கு புள்ளி, கமா எது வேணா வைக்கலாம், ஆனா மூணு மூணா பிரிக்கற இடத்துல ரெண்டுமே வேண்டாம், வெறும் இடைவெளி விடுங்கன்னு. வெளிநாட்டு வாசகர் இருந்தா அதை எடுத்துக்கோங்க. இதே மாதிரி கிலோபைட்னா 1000மா 1024ஆன்னும் முதல்லயே பேசிடுங்க, 1024க்கு கிபிபைட்னு தனிப் பேரே உலக எலக்ட்ரிக்கல் ஸ்டாண்டர்டு அமைப்பான ஐஇசி 1998-ல வச்சிட்டாங்க, ஆனாலும் விண்டோஸ் இன்னிக்கும் 1024ஐ வச்சுக் கணக்குப் போட்டு கேபி-ன்னுதான் காட்டுது.

முடிவான எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி டிராஃப்ட் இருக்கற அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. வாயால பேசினது மூணாவது வாரத்துல ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமா ஞாபகம் இருக்கும்.

ஸ்டைல் கைடு எதை எடுத்துக்கறது? அவர் ஒண்ணு சொல்றார், நான் ஒண்ணு சொல்றேன்

ஸ்டைல் கைடுன்னா எப்படி எழுதணும்னு ரூல் போட்ட கையேடு. எங்க வெளியாகப் போகுதோ அந்த இடத்தோட கைடுதான், அதுல பேச்சே இல்ல. இன்ஜினியரிங் ஜர்னல்கள் போடற ஐஇஇஇ-க்கு அனுப்பறீங்கன்னா ஃபிகர்ங்கறதை வாக்கியத்தோட ஆரம்பத்துல வந்தா கூட சுருக்கித்தான் போடணும், ஈக்வேஷனைக் குறிப்பிடும்போது வாக்கியத்துக்கு நடுவுல வந்தா அடைப்புக்குறிக்குள்ள நம்பர் மட்டும், வாக்கியத்தோட ஆரம்பத்துல வந்தா மட்டும் ஈக்வேஷன்னு முழுசா. உங்களுக்குப் பிடிக்கலன்னாலும் அவருக்குப் பிடிக்கலன்னாலும் அதுதான் ரூல், இதுல ஒரு நிமிஷம் செலவு பண்றது கூட வேஸ்ட்.

கம்பெனி டாக்ஸ்ல தனி கைடு இல்லன்னா கூகுள் டெவலப்பர் டாக்ஸ் கைடு (2017-ல பொதுவுல விட்டாங்க) இல்லன்னா மைக்ரோசாஃப்ட் கைடு (2018) ரெண்டுல ஒண்ணை முழுசா எடுத்துக்கோங்க. ரெண்டுமே வாசகரை "நீங்க"ன்னு கூப்பிடுது, ஹெட்டிங்ல முதல் எழுத்தை மட்டும் பெருசாக்குது, லிஸ்ட்ல கடைசி "அண்ட்"க்கு முன்னாடி கமா போடுது, அதனால எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்ல. ரெண்டையும் கலக்காதீங்க. நீங்க மாத்திக்கிற ரூலை மட்டும் மேல சொன்ன அந்த ஃபைல்ல எழுதுங்க. முடிஞ்சா வேல்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, அதுல கைடை ரூலா போட்டுட்டா தப்பை அதுவே சுட்டிக் காட்டும். மனுஷன் சொன்னா கோவம் வர்ற விஷயத்தை டூல் சொன்னா ரெண்டு பேரும் சத்தமில்லாம திருத்திடறாங்க, இதை நான் நிறைய டீம்ல பார்த்துட்டேன்.

நான் "நாங்க செஞ்சோம்"னு எழுதறேன், அவர் எல்லாத்தையும் "செய்யப்பட்டது"ன்னு மாத்திடறார். யாரு சரி?

இன்ஜினியரிங் காலேஜ்ல ரெக்கார்ட் நோட் எழுதி வளர்ந்தவங்க எல்லாருக்கும் பேசிவ் வாய்ஸ்தான் சயின்ஸ்னு பதிஞ்சு போயிருக்கு. இன்னிக்கு நிலவரம் அப்படி இல்ல. நேச்சர் ஜர்னல்கள் ஆக்டிவ் வாய்ஸ்தான் விரும்பறோம்னு ஆத்தர்களுக்கான குறிப்புல சொல்லுது, 2019-ல வந்த ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) ஸ்டைல் கையேட்டோட ஏழாவது பதிப்பும் நீங்க செஞ்சதை நீங்க செஞ்சதா எழுதச் சொல்லுது.

ஆனா அவரும் முழுசா தப்பில்ல. "சாம்பிள் 80 டிகிரில சூடாக்கப்பட்டது"ங்கற வாக்கியத்துல யாரு சூடாக்கினாங்கங்கறது யாருக்கும் தேவையில்ல, அங்க பேசிவ் பொருத்தமாவே இருக்கு. மேனுவல்லதான் ஆபத்து. "கான்ஃபிகரேஷன் ஃபைல் உருவாக்கப்பட வேண்டும்"னு எழுதினா யாரு உருவாக்கணும்? இன்ஸ்டாலர் பண்ணிக்குமா, படிக்கறவர் பண்ணணுமா? அந்த இடத்துல அது அர்த்த வகை ஆயிடுது. அதனால மொத்தமா ஆக்டிவா பேசிவான்னு சண்டை போடாம, செய்யறவர் யாருன்னு தெரியலன்னா வேலை கெட்டுப்போற வாக்கியங்களை மட்டும் எடுத்து அதுக்கு மட்டும் நில்லுங்க. மீதியை விட்டுடலாம்.

என்கிட்ட சொல்லாமயே என் வாக்கியத்தையெல்லாம் மாத்திடறார், காலைல திறந்து பார்த்தா அடையாளமே தெரியல. என்ன பண்றது?

இங்க வலிக்கறது வாக்கியம் மாறினதுக்காக இல்ல, சொல்லாம மாத்தினதுக்காக. அதனால எந்த வாக்கியம் நல்லாருக்குன்னு வாதாடாம எப்படி மாத்தறதுங்கறதுல ஒரு ஒப்பந்தத்துக்கு வாங்க. எழுத்துப்பிழையை யாரு வேணா சொல்லாமயே திருத்தலாம். வாக்கியத்தைத் திருப்பி எழுதறதுன்னா டிராக் சேஞ்சஸ் போட்டுட்டுத்தான். அர்த்தம் மாறும்னு தோணினா கையே வைக்காம கமெண்ட் மட்டும் போடணும், எழுதினவர் பதில் சொன்னப்புறம்தான் மாத்தணும்.

கமெண்ட்ல காரணம் ஒரு வரி இருக்கணும். "நல்லா இல்ல", "ஃப்ளோ இல்ல" இதெல்லாம் காரணமே இல்ல, இதுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் என்னதான் பதில் சொல்ல முடியும். "இந்த வாக்கியத்துல 'அது'ன்னு வர்றது சர்வரையா கிளையண்டையா, நான் ரெண்டு தடவ படிக்க வேண்டியிருந்துச்சு"ன்னு எழுதிப் பாருங்க, அவரே ஓடி வந்து மாத்துவாரு. இது உங்களுக்கும் பொருந்தும், கோவத்துல அவர் மாத்தினதையெல்லாம் நீங்க சத்தமில்லாம பழையபடி போட்டீங்கன்னா அதே தப்புதான்.

நாங்க கிட் யூஸ் பண்றோம். அவர் ஒரு கமா மாத்தினா கூட முழு பாராவும் மாறின மாதிரி காட்டுது, நிஜமா என்ன மாத்தினார்னே தெரியல

கிட்ங்கறது ஃபைல்ல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கற டூல், அது வரி வரியாத்தான் ஒப்பிடும். உங்க பாரா முழுக்க ஒரே வரியா இருந்தா ஒரு கமா மாறினாலும் மொத்த வரியும் மாறினதாத்தான் கணக்கு. எடிட்டர் தானா வரியை மடக்கற செட்டிங்ல இருந்தா இன்னும் மோசம், நடுவுல ஒரு சொல்லு சேர்த்தா கீழ இருக்கற எல்லா வரியும் நகர்ந்துடும்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரின்னு எழுதுங்க. லேடெக்ஸ், மார்க்டவுன் மாதிரி வெறும் டெக்ஸ்டா எழுதி பின்னாடி பக்கமா மாத்தற ஃபார்மட்கள்ல வெளில வர்றப்ப அது சேர்ந்து ஒரே பாராவாத்தான் தெரியும். இது புது ஐடியாவும் இல்ல, யூனிக்ஸ் கத்துக்கறவங்களுக்காக பிரையன் கெர்னிகன் 1974-ல எழுதின கையேட்டுலயே ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரில ஆரம்பிங்கன்னு சொல்லியிருக்கார், பின்னாடி திருத்தறது சுலபமா இருக்கும்ங்கறதுதான் காரணம். ஏற்கனவே எழுதி முடிச்ச டிராஃப்ட்னா கிட்டோட வேர்ட்-டிஃப் ஆப்ஷன், லேடெக்ஸுக்கு லேடெக்ஸ்டிஃப் ரெண்டும் சொல்லு அளவுல என்ன மாறுச்சுன்னு காட்டிடும். எதை மாத்தினாருன்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலே சண்டைல பாதி அடங்கிடுது.

என் கோ-ஆத்தரே என் கைடு சார்தான். அவர்கிட்ட போய் "நீங்க எழுதினது சரியில்ல"ன்னு எப்படிங்க சொல்றது?

அப்படிச் சொல்லாதீங்க, சொல்லத் தேவையும் இல்ல. ருசி வகைல சார் சொல்றதை அப்படியே ஏத்துக்கோங்க, அதுல உங்களுக்கு எந்த இழப்பும் கிடையாது. அர்த்த வகைல மட்டும், உங்க அபிப்பிராயமா வைக்காம வாசகரோட கேள்வியா இல்லன்னா ஜர்னலோட ரூலா வைங்க. "சார், இந்த லைனைப் படிச்சா டெஸ்ட் டேட்டாலயும் ட்ரெய்ன் பண்ணிட்டோம்னு ரிவ்யூவர் நினைச்சிடுவாரோன்னு பயமா இருக்கு, இப்படி மாத்தட்டுமா சார்?"னு மாத்தின வாக்கியத்தையும் கையோட கொண்டு போங்க. வெறும் குறையை மட்டும் கொண்டு போனா அவருக்கு அது இன்னொரு வேலை, மாத்து வாக்கியத்தோட போனா ஒரு தலையாட்டல்.

நேர்ல, தனியா இருக்கும்போது கேளுங்க, மத்த ஸ்டூடண்ட்ஸ் முன்னாடி வேண்டாம், குரூப் மெயில்ல வேண்டவே வேண்டாம். நிறைய கைடுங்க இப்படிக் கேக்கற ஸ்டூடண்ட்டை மதிக்கறாங்க, கேக்காம பயந்துக்கிட்டு இருக்கறதாலதான் தப்பான வாக்கியம் அச்சுல போய் நிக்குது.

நோட்டேஷன்ல ஒத்துப்போகல. அவர் மேத்ஸ், நான் எலக்ட்ரிக்கல். இது ருசி வகையா அர்த்த வகையா?

பெரும்பாலும் அர்த்த வகை, அதுலயும் ரொம்ப முக்கியமான இடம். மேத்ஸ் ஆளுக்கு மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலம் ஐ, உங்களுக்கு ஐ-ன்னா கரண்ட், அதனால ஜே. வெறுமனே லாக்னு எழுதினா அவருக்கு நேச்சுரல் லாக், உங்களுக்கு பத்தை அடிமானமா வச்ச லாக், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளு ஒருத்தர் சேர்ந்தா அவருக்கு ரெண்டை அடிமானமா வச்ச லாக். இயல் எண் பூஜ்யத்துல ஆரம்பிக்குதா ஒண்ணுலயாங்கறதுலயும் ஒற்றுமை இல்ல, ஐஎஸ்ஓ 80000-2 பூஜ்யத்தைச் சேர்க்குது, நிறைய நம்பர் தியரி ஆளுங்க சேர்க்க மாட்டாங்க. ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்ல 2π எங்க நிக்கணும்ங்கறது ஆளுக்கு ஆளு மாறும், அதை எழுதாம விட்டா படிக்கறவரோட விடை 2π மடங்கு தப்பா வரும்.

எதை எடுத்தாலும் சரி, எந்தத் துறை ஜர்னலுக்குப் போகுதோ அந்த வழக்கத்தை எடுத்துட்டு, முதல் பக்கங்கள்லயே "லாக்னா நேச்சுரல் லாக்"னு ஒரு வரி எழுதிடுங்க. லேடெக்ஸ்ல எழுதறீங்கன்னா ஒவ்வொரு குறிக்கும் ஒரு மேக்ரோ (ஒரு இடத்துல எழுதி எல்லா இடத்துலயும் பயன்படுத்தற சுருக்கப் பேர்) வச்சுக்கோங்க, வெக்டரை போல்டா போடறதா மேல அம்பு போடறதாங்கற சண்டையை கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போடலாம், ஒரு வரியை மாத்தினா பேப்பர் பூரா மாறிடும். டிஃபரன்ஷியல் டி நேரா நிக்கணுமா சாஞ்சு நிக்கணுமாங்கறதெல்லாம் சுத்தமான ருசி வகை, அதுல விட்டுடுங்க.

ஆளுக்கு ஒரு சாப்டர் பிரிச்சுக்கிட்டா பிரச்சனையே வராதுல்ல?

எழுதும்போது வராது, படிக்கறவருக்கு வரும். மூணாவது சாப்டர்ல "நோட்", நாலாவதுல அதையே "ஹோஸ்ட்"னு சொன்னா அவர் ரெண்டும் வேற வேறன்னுதான் நினைப்பாரு, டெக்னிக்கல் எழுத்துல ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் வச்சா அது ரெண்டு பொருள். பிரிச்சு எழுதுங்க, தப்பில்ல, ஆனா கடைசியா மொத்தத்தையும் ஒரே கை எழுதின மாதிரி ஆக்கற பொறுப்பை ஒருத்தர்கிட்ட கொடுங்க.

இங்கிலாந்து கணித ஆளுங்க ஹார்டியும் லிட்டில்வுட்டும் முப்பத்தஞ்சு வருஷம் அப்படித்தான் சேர்ந்து வேலை பார்த்தாங்க, கடைசி வடிவத்தை எழுதறது பெரும்பாலும் ஹார்டி. அவங்களுக்குள்ள நாலு ஒப்பந்தம் இருந்ததா டென்மார்க் கணித ஆளு ஹரால்டு போர் சொல்லியிருக்கார், அதுல ஒண்ணு, ஒரு பேப்பர்ல ஒருத்தர் கொஞ்சம் கூட பங்களிக்கலன்னாலும் ரெண்டு பேர் பேரும் போகும்ங்கறது. யாரு எவ்வளவு எழுதினாங்கங்கற கணக்கு இல்லாததால வாக்கியம் யாருதுங்கற சண்டைக்கே இடமில்லாம போச்சு. நம்ம ராமானுஜனும் அதே ஹார்டியும் 1918-ல போட்ட பார்ட்டிஷன் (ஒரு எண்ணை எத்தனை விதமா கூட்டலா பிரிக்கலாம்ங்கற) பேப்பரைப் பத்தி லிட்டில்வுட் எழுதும்போது கொஞ்சமும் ஒத்துப்போகாத திறமை உள்ள ரெண்டு பேர் சேர்ந்ததாலதான் அது கிடைச்சுதுன்னு சொல்றார். ஒருத்தர் மாதிரியே இன்னொருத்தர் எழுதணும்னு எதிர்பார்க்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுக்கு மேல நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

"மஸ்ட்"டை "ஷுட்"னு மாத்திட்டார், கேட்டா "பணிவா இருக்கட்டுமே"ங்கறார். பெரிசு பண்ணணுமா?

பண்ணுங்க, கட்டாயம் பண்ணுங்க. இன்டர்நெட் ஸ்டாண்டர்டுகள்ல இந்தச் சொல்லுங்களுக்கு 1997-லயே ஆர்எஃப்சி 2119னு ஒரு டாக்குமெண்ட்ல அர்த்தம் வகுத்திருக்காங்க. மஸ்ட்னா விதிவிலக்கே கிடையாது, ஷுட்னா சரியான காரணம் இருந்து விளைவு தெரிஞ்சு மீறலாம், "மே"ன்னா உங்க இஷ்டம். 2017-ல ஆர்எஃப்சி 8174 வந்து, முழுக்க பெரிய எழுத்துல எழுதினாதான் இந்த அர்த்தம்னு தெளிவாக்குச்சு.

பாஸ்வேர்டை என்க்ரிப்ட் பண்ணித்தான் வைக்கணும்ங்கற இடத்துல ஷுட்னு இருந்தா, டெட்லைன்ல இருக்கற டெவலப்பர் "கட்டாயம் இல்லையே"ன்னு விட்டுடுவாரு. பணிவு வேணும்னா முன்னுரைல காட்டட்டும். அர்த்த வகைக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது, இங்க விட்டுக்கொடுத்தா நஷ்டப்படறது உங்க ரெண்டு பேரையும் தெரியாத ஒருத்தர்.

முழு டிராஃப்ட்டையும் ஏஐ டூல்ல போட்டு "பாலிஷ்" பண்ணிட்டு வந்துட்டார். படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒப்பல

உங்க உறுத்தல் நியாயமானது. அந்த மாதிரி டூல் வாக்கியத்தை வழவழப்பாக்கும்போது "இந்த மூணு டேட்டாசெட்ல மட்டும்"ங்கற மாதிரி அளவுச் சொல்லை உதிர்த்துடும், "தொடர்பு இருக்கு"ன்னு இருந்ததை "காரணமா இருக்கு"ன்னு ஆக்கிடும். ஸ்டைல் திருத்தம்ங்கற பேர்ல கண்டுபிடிப்பே மாறிடும். அதனால முன்ன சொன்ன டிஃப் டூல்ல பழசையும் புதுசையும் வச்சு வரி வரியா பாருங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கிட்டது மட்டும் உள்ள போகட்டும்.

இன்னொண்ணு, 2023-லயே மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் கமிட்டியான ஐசிஎம்ஜேஇ ஏஐயை ஆத்தரா போடக்கூடாது, பயன்படுத்தினா சொல்லணும்னு வகுத்தாச்சு. உங்க ஜர்னல் என்ன கேக்குதுன்னு பார்த்து அதன்படி எழுதிடுங்க, இதுல மறைக்கறதுக்கு கோ-ஆத்தர் சொன்னா ஒத்துக்காதீங்க.

நாங்க தமிழ்லயே டெக்னிக்கல் புக் எழுதறோம். எங்களுக்கு வர்ற சண்டையே வேற

ஒற்று, கலைச்சொல், கிரந்தம் மூணுலதான் பெரும்பாலும் மாட்டும். ஒற்றுக்கு தமிழ் தெரிஞ்ச ஒரு பிழைதிருத்துனர்கிட்ட கடைசில கொடுத்துடுங்க, எழுதும்போதே ஒருத்தர் இன்னொருத்தருக்கு "க்" வரலைன்னு திருத்திக்கிட்டு இருந்தா புக் நகராது. கலைச்சொல்லுக்கு தமிழ்நாடு அரசோட சொற்குவை மாதிரி ஒரு பட்டியலை அடிப்படையா வச்சுக்கிட்டு, மாத்தறதை மட்டும் உங்க ஃபைல்ல எழுதுங்க.

கோ-ஆத்தர் இலங்கைக்காரரா இருந்தா இன்னும் முன்னாடியே பேசணும். நாம இயற்பியல், வேதியியல்ங்கறதை அங்க பாடப்புத்தகத்துல பௌதிகவியல், இரசாயனவியல்னுதான் படிச்சிருக்காங்க. அவர் எழுதறது பழசும் இல்ல தப்பும் இல்ல, லட்சக்கணக்கான பிள்ளைங்க பரீட்சை எழுதற சொல்லு அது. எந்த ஊர் வாசகருக்கு புக்னு பார்த்து முடிவு பண்ணுங்க, ரெண்டு ஊருக்கும்னா பின்னாடி ஒரு இணைச்சொல் பட்டியல் கட்டாயம் போடுங்க.

எவ்வளவு பேசியும் ரெண்டு பேரும் இறங்கி வரல, நாளைக்கு டெட்லைன். இப்ப?

ருசி வகைன்னா அந்தப் பகுதியை முதல்ல எழுதினவர் சொன்னதே இருக்கட்டும்னு முடிச்சிடுங்க. அர்த்த வகைன்னா, உங்க ரெண்டு பேரையும் சேராத, ஆனா அந்த டாக்குமெண்டைப் படிக்கக்கூடிய ஒருத்தர்கிட்ட யாரு எதை எழுதினாங்கன்னு சொல்லாம அந்த ரெண்டு வாக்கியத்தையும் காட்டி "இதுல என்ன செய்யச் சொல்லியிருக்கு?"ன்னு கேளுங்க. "எது நல்லாருக்கு?"ன்னு கேக்காதீங்க, கேட்டா அவரும் தன் ருசியைச் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு.

நேரம் இருந்தா மூணாவது வழி ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர் வாக்கியத்தையும் தூக்கிப்போட்டுட்டு புதுசா எழுதறது. பூர்பாக்கிங்கற பேர்ல சேர்ந்து எழுதின பிரெஞ்சு கணித ஆளுங்க 1930கள்ல இருந்து அப்படித்தான் பண்ணாங்க, டிராஃப்ட்டை எல்லாரும் கூடி சத்தமா வரி வரியா படிப்பாங்க, ஒருத்தர் வேண்டாம்னா கூட அது அச்சுக்குப் போகாது, திரும்ப எழுதற வேலை வேற ஒருத்தர் கைக்குப் போகும். ரொம்ப மெதுவான வழி, ஒரு நாள் டெட்லைனுக்கு ஆகாது. ஆனா சத்தமா படிக்கறதை மட்டும் எடுத்துக்கலாம். எழுதினவரே தன் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கும்போது எங்க மூச்சு முட்டுதுன்னு அவருக்கே தெரிஞ்சிடும்.

என் பேரை எடுத்துடுங்கன்னு சொல்லிடலாமான்னு இருக்கு. சொல்லலாமா?

ருசி வகைக்காக சொல்லாதீங்க. வேலையை நீங்க செஞ்சிருக்கீங்க, கமாவுக்காக அதை இழக்கறதுல நியாயமே இல்ல, அடுத்த பேப்பர்ல யாரோட எழுதறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

அர்த்தமே தப்பா போகுதுன்னா கதை வேற. ஐசிஎம்ஜேஇ ஆத்தருக்கு நாலு தகுதி வச்சிருக்கு, அதுல ஒண்ணு வெளியாகப் போற கடைசி வடிவத்தை நீங்க ஒத்துக்கிட்டிருக்கணும்ங்கறது, 2013-ல சேர்த்த நாலாவது, உள்ள இருக்கற எல்லாத்துக்கும் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கும் உண்டுங்கறது. மத்த துறை ஜர்னல்கள்லயும் எல்லா ஆத்தரோட சம்மதமும் வேணும்ங்கறதுதான் வழக்கம். அதனால பேரை எடுக்கறதைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி, எந்த வாக்கியம், அதைப் படிச்சா என்ன தப்பா புரியும், எப்படி மாத்தணும்னு மூணையும் எழுதி எல்லா ஆத்தருக்கும் ஒரு மெயில் போடுங்க, பதில் வர்ற வரைக்கும் சப்மிட் பண்ண சம்மதம் இல்லன்னும் அதுலயே எழுதிடுங்க.